வேலை பார்த்துக்கொண்டே மேலாண்மைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீம் லீட் ஆகி ஓரிரு வருடம் ஆனவர்கள், மேனேஜர் பதவிக்குக் காத்திருப்பவர்கள், பல வருடமாக ஒரே படியில் நிற்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும் என்பதால், வரிசையாகப் படித்தால் நல்லது.

"வேலையை விட்டுட்டுப் படிக்கணுமா, பார்த்துக்கிட்டே படிக்கலாமா?"

நீங்கள் இப்போது இருக்கும் துறையிலேயே மேலே போக வேண்டுமா, துறையே மாற வேண்டுமா என்பதைப் பொறுத்தது. துறை மாற நினைப்பவர்களுக்கு முழுநேரப் படிப்பில் ஒரு பெரிய வசதி உண்டு: நடுவில் இன்டர்ன்ஷிப், முடிவில் கல்லூரி வழியாகவே வேலைக்கு ஆள் எடுப்பு. பகுதிநேரப் படிப்புகளில் இவை இரண்டும் பெரும்பாலும் குறைவு அல்லது இல்லை. அதே துறையில் உயர நினைப்பவர்கள் வேலையை விடுவதற்கு எனக்குப் பெரிய காரணம் தெரியவில்லை. சம்பளம் நிற்காது, அனுபவ வருடமும் கூடும், படிப்பதை அன்றன்றே வேலையில் வைத்துப் பார்க்கவும் முடியும்.

"வேலையோடு படித்தால் இரண்டாம் தரப் பட்டம்தானே" என்று சிலர் தயங்குகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் வேலையில் இருக்கும் நிர்வாகிகளுக்கென்றே எம்.பி.ஏ. தொடங்கியது 1943-இல். அந்த வழி அவ்வளவு பழையது. தரம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அது முழுநேரப் படிப்புக்கும் பொருந்தும்.

"எம்.பி.ஏ.தான் வேணுமா? சின்னதா ஒரு சர்டிபிகேட் போதாதா?"

பலருக்குப் போதும். நீங்கள் அடைய நினைக்கும் பதவிக்கான வேலை விளம்பரங்களைப் பத்துப் பதினைந்து எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியை மட்டும் படியுங்கள். "எம்.பி.ஏ. அவசியம்" என்று திரும்பத் திரும்ப வந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அனுபவத்தையும் ஒரு குறிப்பிட்ட திறமையையும் மட்டுமே கேட்டால், அந்தத் திறமைக்கான படிப்பு போதும்.

உதாரணத்துக்கு, ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக நினைப்பவருக்கு பி.எம்.பி. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல்) சான்றிதழ் எம்.பி.ஏ.வை விட நேரடியாக உதவலாம். அதற்கு 35 மணி நேர முறையான பயிற்சியும், ப்ராஜெக்டுகளை வழிநடத்திய சில வருட அனுபவமும் தேவை. சான்றிதழை உயிரோடு வைத்திருக்க 3 ஆண்டுக்கு ஒருமுறை 60 தொடர்கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டும். இலாப நட்டம், பட்ஜெட் என்று பேச்சு வரும்போது மட்டும் தடுமாறுபவருக்கு, நிதித்துறை சாராதவர்களுக்கான கணக்கியல் படிப்பு ஒன்றே பெரிய மாற்றம் தரும். பட்டத்தின் பெயரைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

"பகுதிநேரம், ஆன்லைன், எக்ஸிக்யூட்டிவ்... எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. பகுதிநேரம் என்றால் மாலையிலோ வார இறுதியிலோ வகுப்புக்குப் போவது. ஆன்லைனில் சில நேரலை வகுப்புகள், மீதி பதிவு செய்த பாடங்கள். எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. ஏற்கெனவே நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் அனுபவசாலிகளுக்கானது. கூடப் படிப்பவர்களும் அதே நிலையில் இருப்பதுதான் அதில் பாதி மதிப்பு.

ஒரு எச்சரிக்கை மட்டும். சில வார வகுப்புகளுக்கும் "எக்ஸிக்யூட்டிவ்" என்ற பெயர் வைத்திருப்பார்கள். முடிவில் கிடைப்பது பட்டமா, டிப்ளமாவா, பங்கேற்புச் சான்றிதழா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"எந்தக் கல்லூரி நல்லதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எல்லா விளம்பரமும் ஒரே மாதிரி இருக்கு."

முதல் சோதனை, நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டின் உயர்கல்வி அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பது. ஆன்லைனாகவோ தொலைநிலையிலோ படிப்பதாக இருந்தால் அந்த முறைக்கும் தனியாக ஏற்பு உண்டா என்று பாருங்கள். இது இல்லையென்றால் மற்றது எதுவும் உதவாது.

அடுத்தது சர்வதேச அங்கீகாரம். மேலாண்மைக் கல்வியில் மூன்று பெயர்கள் முக்கியம்: 1916-இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.ஏ.சி.எஸ்.பி., 1967-இல் பிரிட்டனில் தோன்றிய ஆம்பா, ஐரோப்பிய அமைப்பு ஒன்று வழங்கும் ஈக்விஸ். ஏ.ஏ.சி.எஸ்.பி.யும் ஈக்விஸும் கல்லூரியை முழுதாகப் பார்க்கின்றன. ஆம்பா எம்.பி.ஏ. போன்ற படிப்புகளைத் தனியாக எடுத்துப் பார்க்கிறது. விளம்பரத்தில் முத்திரை இருக்கிறது என்பதோடு விடாதீர்கள். அந்த அமைப்பின் சொந்தத் தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடுங்கள். கேள்விப்படாத பெயருள்ள "அங்கீகார அமைப்பு" என்றால் இரட்டிப்பு கவனம் தேவை, பணம் வாங்கிக்கொண்டு முத்திரை தரும் போலிகள் உண்டு.

மூன்று முத்திரையும் இல்லாத நல்ல கல்லூரிகளும் நிறைய இருக்கின்றன. அப்போது முடித்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுவதுதான் வழி. கல்லூரியே அறிமுகம் செய்துவைக்கும் முன்னாள் மாணவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், நீங்களாகவே இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடியுங்கள். "பாடம் நன்றாக இருந்ததா" என்பதை விட, "வேலையோடு படிப்பவர் அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தால் தேர்வை மாற்றித் தருவார்களா" என்பது பயனுள்ள கேள்வி.

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? உண்மையைச் சொல்லுங்க."

இதுதான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பிரிட்டிஷ் முறையில் முதுகலைப் பட்டம் ஒன்று 180 கிரெடிட். ஒரு கிரெடிட் 10 மணி நேரப் படிப்பு. ஆக மொத்தம் 1,800 மணி நேரம். ஆம்பாவும் எம்.பி.ஏ.வுக்கு இதே 1,800 மணி நேரத்தைத்தான் அளவாக வைத்திருக்கிறது. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் இதில் அடக்கம்.

அதை வாரங்களாகப் பிரியுங்கள். 2 ஆண்டு என்றால் 104 வாரம், வாரத்துக்குச் சுமார் 17 மணி நேரம். 3 ஆண்டாக நீட்டினால் பதினொன்றரை. முதல் கணக்கு நடைமுறையில் எப்படி இருக்கும் என்றால், வேலை நாட்களில் தினமும் ஒன்றரை மணி நேரம், வார இறுதியில் இரண்டு நாளும் ஐந்தைந்து மணி நேரம். இரண்டு ஆண்டுக்கும் இப்படித்தான். "வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும்" என்று சேர்க்கைப் பிரிவில் சொன்னால், வகுப்பு நேரத்தை மட்டும் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அடிப்படைக் கணக்கியல் புத்தகம் ஒன்றை எடுத்து, இதே நேர அட்டவணையில் உட்காருங்கள். வீட்டில் யாருடைய வேலை யார் மேல் விழுகிறது, அலுவலகத்தில் எந்த நாள் எப்போதும் இழுத்துக்கொண்டு போகிறது என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் படிப்பையே விட வேண்டியதில்லை, 3 ஆண்டுக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், இந்த ஒத்திகையை வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அந்த 1,800 மணி நேரத்தில் பெரும்பங்கு அவர்களுடைய நேரமும்தான்.

"எனக்கு கணக்குன்னாலே பயம். தேறுவேனா?"

தேறுவீர்கள். சதவீதம், விகிதம், எளிய சமன்பாடு, சராசரி போன்ற அடிப்படைப் புள்ளியியல் இவ்வளவுதான் பெரும்பாலும் வேண்டும். பயமுறுத்தும் பெயர்களுக்குள்ளே இருப்பதும் சின்னக் கணக்குதான். "நிகர தற்போதைய மதிப்பு" என்பதை எடுத்துக்கொள்வோம். இன்று 1,000 போட்டால் ஒரு வருடம் கழித்து 1,080 வரும் என்கிறது ஒரு திட்டம். அதே பணத்தை வேறிடத்தில் போட்டால் 10 சதவீதம் கிடைக்கும். 1,080-ஐ 1.10-ஆல் வகுத்தால் சுமார் 982, அதுதான் அந்த 1,080-இன் இன்றைய மதிப்பு. போட்டதோ 1,000. கையில் 80 கூடுவது போலத் தெரிந்தாலும், நம் அளவுகோலின்படி இந்தத் திட்டத்தில் 18 குறைகிறது. இந்த ஒரு வகுத்தல் புரிந்தால் நிதிப் பாடத்தில் பெரும்பகுதிக்கு வாசல் திறந்துவிடும்.

"நுழைவுத் தேர்வு எழுதியே ஆகணுமா?"

கல்லூரியைப் பொறுத்தது. அனுபவசாலிகளுக்கான படிப்புகளில் பலவற்றில் விலக்கு உண்டு, அல்லது கல்லூரியே ஒரு சிறிய தேர்வு வைக்கும். மேலாண்மைப் படிப்புகளுக்கான சர்வதேச நுழைவுத் தேர்வான ஜிமேட் கேட்டால், இப்போதைய வடிவத்தில் 45 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள்: கணக்கு, மொழி, தரவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளுதல். மதிப்பெண் 205 முதல் 805 வரை. ஜிமேட், அதற்குப் பதிலாகப் பல கல்லூரிகள் ஏற்கும் ஜி.ஆர்.இ. தேர்வு இரண்டுக்கும் மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். அதனால் சேரும் வருடம் வரை காத்திருக்காமல், வேலைப்பளு குறைந்த ஒரு காலத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

"ஆபீஸ்ல சொல்லலாமா? வேலையை விட்டுப் போகப் பார்க்கிறான்னு மேனேஜர் நினைப்பாரே."

சொல்லுங்கள். இரண்டு வருடம் மறைக்க முடியாது. தேர்வு வாரத்தில் விடுப்பு கேட்கும்போது தெரிந்தால்தான் சந்தேகம் வரும். எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "எம்.பி.ஏ. சேரப்போறேன்" என்று மட்டும் சொன்னால் அவர் மனதில் முதலில் ஓடுவது நீங்கள் இல்லாத அட்டவணை. "அடுத்த வருஷம் பட்ஜெட் தயாரிக்கிற வேலையில நானும் உதவ முடியும் சார், அதுக்கான பாடம் முதல் பருவத்திலேயே வருது. தேர்வுத் தேதி இதெல்லாம், அந்த நாட்களுக்கு யார் பார்த்துப்பாங்கன்னு ஏற்கெனவே பேசிட்டேன்" என்று போனால் உரையாடல் வேறு மாதிரி இருக்கும்.

மேலதிகாரி உண்மையிலேயே பாதுகாப்பின்மை உள்ளவர், சொன்னால் நல்ல வேலைகளைப் பிடுங்கி வேறு ஒருவருக்குத் தருவார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், ஹெச்.ஆர். வழியாகத் தகவல் மட்டும் பதிவு செய்துவிடுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பட்டம் வாங்கி உயர்வு எதிர்பார்ப்பது சரியா என்பதையும் அப்போதே யோசியுங்கள்.

"கம்பெனியே ஃபீஸ் கட்டுமாம். ஆனா பாண்ட் போடணுமாம். போடலாமா?"

நிபந்தனையைப் படித்த பிறகு போடலாம். "இரண்டு வருஷம் இருக்கணும்" என்று வாயால் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் அந்த இரண்டு வருடம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பணம் கட்டிய நாளிலிருந்தா, படிப்பு முடிந்த நாளிலிருந்தா? இரண்டாவது என்றால், மூன்று வருடப் படிப்போடு சேர்த்து மொத்தம் ஐந்து வருடம் கட்டுண்டு இருப்பீர்கள்.

நடுவில் விலகினால் முழுத் தொகையா, இருந்த மாதங்களைக் கழித்து மீதியா? மாதாமாதம் குறையும் முறையைக் கேட்டு வாங்குங்கள், பல நிறுவனங்கள் கேட்டால் ஒப்புக்கொள்ளும். அவர்களே உங்களை வேலையை விட்டு நீக்கினாலும், ஆள்குறைப்பு செய்தாலும் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதை அவசியம் பாருங்கள். ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம் யார் தலையில், அவர்கள் கட்டும் தொகை உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி வருமா என்பவையும் எழுத்தில் இருக்கட்டும். கட்டணம் முழுதும் வேண்டாம், பாதி போதும், கட்டுப்பாட்டுக் காலமும் பாதியாகட்டும் என்று பேசுவதும் நல்ல வழிதான். பலருக்கு அது தோன்றுவதே இல்லை.

"ராத்திரி புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருது. படிச்சதும் நிக்க மாட்டேங்குது."

இது சோம்பல் இல்லை. நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்த மூளையிடம் கடினமான பாடத்தைக் கொடுக்கிறீர்கள். முடிந்தால் புதிய பாடத்தைக் காலை நேரத்துக்கு மாற்றுங்கள். இரவுக்கு எளிய வேலைகளை வையுங்கள்: குறிப்புகளைச் சீராக்குவது, வாசிக்க வேண்டியதைப் பிரித்து வைப்பது, குழுவுக்கு மின்னஞ்சல் போடுவது.

மனதில் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் படிக்கும் முறைதான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-லேயே காட்டினார்: கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறைகிறது, பிறகு மறதி மெதுவாகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களில் ஒரு பகுதியினரை ஒரு பாடத்தைத் திரும்பப் படிக்க வைத்தார்கள், மற்றவர்களைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னே. வேலையோடு படிப்பவர்களுக்கு இது பெரிய செய்தி, ஏனென்றால் எழுதிப் பார்க்கப் புத்தகமே வேண்டாம். பயணத்தில், மதிய இடைவேளையில், நேற்றுப் படித்ததை ஒரு தாளில் ஐந்து வரி எழுதிப் பாருங்கள். எழுத வராத இடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

"ஆபீஸ் விஷயத்தையே அசைன்மென்ட்ல எழுதலாமா?"

எழுதத்தான் வேண்டும். வேலையோடு படிப்பதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. விற்பனையில் இருக்கும் ஒருவர் நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம், பற்றிப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தருபவர்களுக்கு அவருடைய நிறுவனம் 30 நாளில் பணம் கட்டுகிறது. வாடிக்கையாளருக்கோ 60 நாள் கடன் தருகிறது. நடுவில் உள்ள 30 நாளுக்கான பணத்தை நிறுவனம் எங்கிருந்தோ புரட்ட வேண்டும். இலக்கை எட்டுவதற்காக அவர் வாடிக்கையாளருக்கு இன்னொரு 15 நாள் நீட்டித்தால், விற்பனை அறிக்கையில் வெற்றி, வங்கிக் கணக்கில் நெருக்கடி. நிதிப் பிரிவினர் ஏன் எப்போதும் தன்னோடு சண்டை போடுகிறார்கள் என்பது அவருக்கு அன்றுதான் புரியும். இந்தப் புரிதலோடு அடுத்த கூட்டத்தில் பேசும்போது, பட்டம் வருவதற்கு முன்பே அவரைப் பற்றிய எண்ணம் மேலிடத்தில் மாறத் தொடங்கும்.

ஆனால் நிறுவனத்தின் இரகசியத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு. பெயர்களை மாற்றுங்கள். எண்களை ஒரே விகிதத்தில் பெருக்கியோ குறைத்தோ எழுதுங்கள், அப்போது உண்மைத் தொகை மறையும், விகிதங்கள் கெடாது. வாடிக்கையாளர் பட்டியல், ஊழியர் சம்பளம், வெளியிடாத திட்டங்கள் எதையும் தொடாதீர்கள். இறுதி ஆய்வறிக்கை என்றால் மேலதிகாரியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சுருக்கமான அசைன்மென்டுக்கும் கேட்டுவிடுவது நல்லது. கேட்பதே உங்கள் படிப்பைப் பற்றி அவரிடம் பேச நல்ல சாக்கு.

"நேரமே இல்ல. ஏஐ கிட்ட குடுத்து எழுதி வாங்கினா என்ன?"

கல்லூரியின் விதி எந்த அளவு அனுமதிக்கிறது என்று முதலில் படியுங்கள், அது பாடத்துக்குப் பாடம் கூட மாறும். விதியை மீறினால் பட்டமே ரத்தாகலாம். புரியாத பாடத்தை விளக்கச் சொல்லலாம், உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லலாம், உங்கள் வாதத்தில் ஓட்டை எங்கே என்று கேட்கலாம். இதெல்லாம் கல்லூரி விதி அனுமதித்தால் நல்ல பயன்பாடு. எழுதும் வேலையையே ஒப்படைத்தால், முந்தைய பதிலில் சொன்ன அந்தப் புரிதல் உங்களுக்கு வராது. இன்னொன்று, நிறுவனத்தின் எண்களை அப்படியே வெளிக் கருவி ஒன்றில் போடுவதும் இரகசியத்தை வெளியே தருவதுதான்.

"குரூப் ப்ராஜெக்ட்ல நான் ஒருத்தன்தான் வேலை செய்யறேன்."

முதல் கூட்டத்திலேயே யாருக்கு எந்த வாரம் நேரம் கிடைக்காது என்று கேட்டு, அதன்படி பிரியுங்கள். எல்லோரும் வேலையில் இருப்பவர்கள், எல்லோருக்கும் ஒரு மோசமான வாரம் வரும். அதன் பிறகும் ஒருவர் ஒதுங்கினால் அவரிடமே நேராகச் சொல்லுங்கள், பிறகு பேராசிரியரிடம். அதிகாரம் இல்லாமல் ஆட்களை வேலை செய்ய வைப்பது மேனேஜர் வேலையின் பெரும்பகுதி. அதற்கு இது நல்ல பயிற்சி.

"நாப்பத்தஞ்சு வயசாச்சு. இனிமே படிச்சு என்ன?"

ஆம்பா அங்கீகாரம் பெற்ற எம்.பி.ஏ.வில் சேரவே பொதுவாக 3 ஆண்டு அனுபவம் வேண்டும். எக்ஸிக்யூட்டிவ் வகுப்புகளில் பத்துப் பதினைந்து வருட அனுபவம் சாதாரணம். வகுப்பில் நீங்கள் தனித்துத் தெரிய மாட்டீர்கள். கணக்கு மட்டும் வேறு. இன்னும் எத்தனை வருடம் வேலை செய்வீர்கள், அதற்குள் செலவு திரும்புமா என்று மேலே பார்த்த நிகர தற்போதைய மதிப்பை உங்களுக்கே போட்டுப் பாருங்கள். திரும்பாது என்று வந்தால், இரண்டாவது கேள்வியில் சொன்ன சிறிய படிப்புகள் உங்களுக்குப் பொருத்தம்.

"பாதியில நிறுத்தினா கட்டினது எல்லாம் வீணா?"

முழுதாக வீணாகாது. பிரிட்டிஷ் முறையில் 60 கிரெடிட் முடித்தவருக்கு முதுகலைச் சான்றிதழ், 120 முடித்தவருக்கு முதுகலை டிப்ளமா கிடைக்கும் வழி பல கல்லூரிகளில் உண்டு. இடைநிறுத்தம் எடுத்துவிட்டு ஒரு வருடம் கழித்துத் தொடரவும் விடுவார்கள். சேரும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பிறப்பு, வீட்டில் நோய், இடமாற்றம் எதுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவில், இதுவரை கட்டிய பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போனது திரும்பாது. இனி கட்ட வேண்டியதும் இனி செலவாகும் நேரமும் ஒரு பக்கம், இனி கிடைக்கப்போவது மறுபக்கம். மூழ்கிய செலவு என்று வகுப்பிலேயே இதைச் சொல்லித் தருவார்கள்.

"முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. ப்ரமோஷன் வரல. ஏமாந்துட்டேனா?"

பட்டம் வந்ததும் நிறுவனம் தானாகப் பார்த்துத் தரும் என்று காத்திருந்தீர்களா, கேட்டீர்களா? அநேகமாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். பதவி காலியாக இருந்தால்தான் உயர்வு, அந்தப் பதவிக்கு உங்கள் பெயர் பேசப்பட வேண்டும். மேலதிகாரியிடம் நேரடியாகக் கேளுங்கள்: "அடுத்த நிலைக்கு நான் இன்னும் என்ன காட்டணும்? அந்த இடம் எப்போ வரும்?" தெளிவான பதில் வந்தால் அதன்படி ஆறு மாதம் உழைக்கலாம். மழுப்பல் வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு வெளியே தேடுங்கள்.

கேட்கப் போகும்போது பட்டச் சான்றிதழோடு மட்டும் போகாதீர்கள். படித்ததை வைத்து நீங்கள் மாற்றிய ஏதாவது ஒன்று, வசூல் நாட்கள் குறைந்தது, ஒரு அறிக்கை வேகமானது, ஒரு வீண் செலவு நின்றது, எண்ணோடு கையில் இருக்கட்டும். அசைன்மென்டுகளை வேலையோடு கட்டி எழுதியவர்களுக்கு இது தயாராகவே இருக்கும்.

"வேற கம்பெனிக்குப் போறதா இருந்தா, படிப்பு முடியறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

பாண்ட் போட்டிருந்தால் அதன் தேதிதான் முதல் பதில். சில நேரம் புதிய நிறுவனமே மீதித் தொகையைக் கட்ட முன்வரும், கேட்டுப் பாருங்கள். பாண்ட் இல்லையென்றால், கடைசிப் பருவத்துக்கு முன் மாறாதீர்கள் என்பேன். புதிய வேலையில் முதல் மாதங்கள் மிகவும் கனமானவை, அவற்றோடு வாரம் 17 மணி நேரத்தையும் தூக்குவது மிகக் கடினம். இறுதி ஆய்வறிக்கை பழைய நிறுவனத்தின் தரவுகளை நம்பியிருந்தால், விலகிய மறுநாளே அது கைவிட்டுப் போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்த அந்த நாற்காலியே வெளியே காலியாகி, படிப்பு முடியவில்லை என்று தெரிந்தும் உங்களை அழைக்கிறார்கள் என்றால் போய்விடுங்கள். சேரும் நாளைத் தேர்வுக்குப் பிறகு தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள், கல்லூரியில் ஒரு பருவம் இடைநிறுத்தம் வாங்குங்கள். படிப்பை அடுத்த வருடமும் முடித்துக்கொள்ளலாம்.